குர்பான் ஈரலும் மெல்போர்ன் நாயும்

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் காலை. சுபஹுத் தொழுகை முடிந்ததும் கடற்கரையோரமாகச் சிறிது தூரம் நடப்பது எனது நெடுநாள் வழக்கம். கச்சான் காற்று இன்னும் எழும்பாத நேரம். சாய்ந்தமருதுத் தோணாவுக்கு அண்மையில் ஏழெட்டுக் கட்டாக்காலி நாய்கள் ஒரு பொலித்தீன் பையை இழுத்துக் கிழித்துக்கொண்டிருந்தன. உள்ளே குர்பான் மாட்டின் கழிவுகள்: நுரையீரல், குடலின் ஒரு பகுதி, பாதி ஈரல். அந்த ஈரலின் மேற்புறத்தில் நெல்லிக்காயளவில் வெண்ணிற நீர்க்கட்டிகள் இரண்டு மூன்று புடைத்திருப்பதைக் கண்டேன். பத்தடி தள்ளி இரண்டு சிறுவர்கள் ஈரமணலில் வீடு கட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

பையைக் கொண்டுவந்து போட்டவர் இன்னும் அங்கேதான் நின்றார். எனக்குத் தெரிந்தவர், இரக்க குணமுள்ள மனிதர். "ஏன் தம்பி, இதப் புதைச்சிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"பாவம் காக்கா, வாயில்லாச் சீவன்கள். பெருநாளைக்கு நாம மட்டும் திண்டாப் போதுமா? அதுகளும் திங்கட்டுமே" என்றார்.

அவருடைய உள்ளத்தை நான் குறைகூற மாட்டேன். ஆனால் அந்தப் பையில் இருந்தது தர்மம் அன்று என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

அதே வாரத்தில் காரைதீவிலுள்ள எனது பழைய நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய மகன் மெல்போர்னிலிருந்து விடுமுறையில் வந்திருந்தான். முற்றத்திலே வீட்டு நாய்க்கு அவனுடைய தாயார் சோறும் மீன் குழம்பும் பிசைந்து வைத்துக்கொண்டிருந்தார். மகனுக்கு அது பிடிக்கவில்லை.

"மாமா, நாய்க்குச் சோறு போடுறதே பிழை. அது ஓநாய்ட பரம்பரை. பச்சை இறைச்சி, பச்சை ஈரல், பச்சை எலும்பு, இதுதான் அதுக்கு இயற்கை. நான் என்ட நாய்க்கு அதைத்தான் குடுக்கிறன்" என்றான்.

கடற்கரையில் கண்ட காட்சி என் நினைவுக்கு வந்தது. பெருந்தொகை கொடுத்து உறைநிலைப் பொதியில் வாங்கும் பச்சை இறைச்சியும், காசில்லாமல் தோணாவோரத்தில் கொட்டப்படும் பச்சைக் கழிவும் ஒன்றா என்ற கேள்வி என்னை விடவில்லை. நான் வைத்தியன் அல்லன், கலைப்பட்டதாரி. ஆயினும் பத்திரிகைத் தொழில் கற்றுத்தந்த பழக்கம், ஒன்றைக் கேள்விப்பட்டால் தேடிப் படிக்காமல் இருக்க முடிவதில்லை.

நாய்க்கென்று தொழிற்சாலையில் உணவு செய்யும் வழக்கம் மிகப் பழையதன்று. 1860களில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்பவர் லண்டனில் நாய் பிஸ்கட் விற்கத் தொடங்கியதிலிருந்து அந்த வியாபாரம் வளர்ந்தது. அதற்கு மறுப்பாக, 1993இல் அவுஸ்திரேலிய மிருக வைத்தியர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் ஒரு நூல் எழுதினார். பச்சை எலும்பும் இறைச்சியுமே நாயின் இயல்பான உணவு என்பது அவரது வாதம். அதிலிருந்து கிளம்பிய இயக்கம்தான் நண்பரின் மகனிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. பெட்டியில் அடைத்த உணவில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத ஒருவன், தன் கையால் நல்ல உணவு கொடுக்க விரும்புவதில் தவறில்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 'ஓநாயின் பரம்பரை' என்ற வாதம் முழுமையானதன்று. 2013இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வொன்று, மாச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகளாகவும் நாயிடம் அதைவிடப் பல மடங்காகவும் இருப்பதைக் காட்டியது. மனிதனின் அடுப்படியோரத்தில் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்ததில் நாயின் வயிறு சோற்றுக்கும் ரொட்டிக்கும் பழகிவிட்டது. காரைதீவு அம்மாவின் மீன் குழம்புச் சோறு இயற்கைக்கு விரோதமானதன்று.

பச்சை இறைச்சியில் ஆபத்தும் உண்டு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை நடத்திய ஆய்வில், செல்லப்பிராணிகளுக்கான 196 பச்சை உணவு மாதிரிகளில் 15இல் சல்மொனெல்லாவும் 32இல் நோய்தரும் லிஸ்டீரியாவும் காணப்பட்டன. 2017இல் இங்கிலாந்தில் நால்வர் ஈ கோலை கிருமியால் நோயுற்று, அவர்களில் ஒருவர் இறந்தார். நால்வரில் மூவர், பச்சைக் குடலிறைச்சி தின்ற நாய்களோடு பழகியவர்கள். பச்சை இறைச்சியும் பாதி வெந்த இறைச்சியும் நாய், பூனைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மிருக வைத்தியச் சங்கம் 2012இலேயே அறிவுறுத்தியிருக்கிறது.

இவையெல்லாம் மெல்போர்ன் நாயின் கதை. அந்த நாய் தின்னும் இறைச்சி பெரும்பாலும் பரிசோதிக்கப்பட்டு, கடும் குளிரில் உறையவைக்கப்பட்டு வருவது. உறைநிலை பற்றீரியாவைக் கொல்லாவிட்டாலும், போதிய நாள் வைத்திருந்தால் நாடாப்புழுவின் கட்டிகளைக் கொன்றுவிடும். நமது கடற்கரை நாய்க்கு அந்தப் பாதுகாப்புக்கூட இல்லை. இங்கேதான் நமது ஊரின் கதை தொடங்குகிறது.

எகினோகொக்கஸ் என்று ஒரு நாடாப்புழு இருக்கிறது. முழு வளர்ச்சியடைந்தாலும் சில மில்லிமீற்றர் நீளம்தான். நாயின் குடலில் வாழும். நாய்க்கு வெளிப்படையான நோய் எதுவும் தெரியாது. அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு மண்ணில் விழுகின்றன. புல்லோடு அவற்றை மாடோ ஆடோ தின்றால், அந்தக் கால்நடையின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் வளரும். அந்த ஈரலைப் பச்சையாக நாய் தின்றால், கட்டிக்குள் இருக்கும் குஞ்சுகள் மறுபடி நாயின் குடலில் புழுவாகும். நாயிலிருந்து மாட்டுக்கு, மாட்டிலிருந்து நாய்க்கு என்று இப்படியே அது சுற்றிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சுற்றில் மனிதன் தற்செயலாக அகப்படுகிறான். முட்டை கலந்த மண்ணோ கழுவாத கீரையோ தண்ணீரோ வாய்க்குள் போனால், மாட்டுக்கு வரும் அதே நீர்க்கட்டி மனிதனின் ஈரலிலும் நுரையீரலிலும் வளர்கிறது. அதுவே ஹைடாட்டிட் நோய். எந்த நேரத்திலும் உலகில் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தப் புழு வகையின் நோய்களோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கட்டி மெல்ல வளர்வது. பத்து வயதில் தொற்றியது முப்பது வயதில் தெரியவரலாம்.

எனது நெருங்கிய உறவினர் ஒருவருக்கு அப்படித்தான் தெரியவந்தது. பல ஆண்டுகளுக்கு முன் வலது விலாவின் கீழே பாரமாக இருக்கிறதென்றார். வாயு என்று நினைத்து இஞ்சியும் உள்ளியும் கொடுத்தோம். கொழும்பிலே ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் தோடம்பழமளவு ஒரு கட்டி. சத்திரசிகிச்சை நிபுணர் முதலிற் கேட்ட கேள்வி: "வீட்டில் நாய் வளர்த்தீர்களா?"

"இல்லை டொக்டர். நாங்கள் முஸ்லிம்கள். நாய் எங்கட படலையைத் தாண்டி வராது."

டொக்டர் அதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த கேள்வியைக் கேட்டாராம்: "சின்ன வயதில் எங்கே விளையாடினீர்கள்?"

கட்டிக்குள் உள்ள நீர் உடலுக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை ஏற்படலாம் என்பதால், அந்தச் சத்திரசிகிச்சை மிகுந்த எச்சரிக்கையோடு நடந்தது. அல்ஹம்து லில்லாஹ், அவர் நலமாக இருக்கிறார். ஆனால் அந்த இரண்டாவது கேள்வி என்னைத் தொடர்ந்து வருகிறது. நமது பிள்ளைகள் விளையாடுவதும் நாய்கள் மலங்கழிப்பதும் ஒரே மணலில்தானே?

ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நாம், நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை மண் கலந்த நீரால் ஒரு தடவையும் சேர்த்து ஏழு தடவை கழுவும்படி கற்றவர்கள். அதனால், நாயை வளர்க்காத நமக்கு நாயால் வரும் நோய் எப்படி வரும் என்றொரு நிம்மதி நமக்குள் இருக்கிறது. அந்த நிம்மதி பொய்யானது. நாயைத் தொடாதிருக்க நம்மால் முடியும். மண்ணைத் தொடாதிருக்க நமது பிள்ளைகளால் முடியாது.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. நல்ல ஈரலை நாம் யாரும் நாய்க்குப் போடுவதில்லை. மிளகுபோட்டுப் பொரித்து நாமே சாப்பிடுகிறோம். பாபத்தையும் விடுவதில்லை. கட்டி கண்ட ஈரலையும் நிறம் கெட்ட நுரையீரலையும்தான் "சே, இது கூடாது" என்று ஒதுக்கி நாய்க்கு எறிகிறோம். அதாவது, புழுவின் குஞ்சுகள் எந்தத் துண்டில் இருக்க வாய்ப்பு அதிகமோ அதைத் தேடியெடுத்து நாயிடம் சேர்க்கிறோம். நான் கடற்கரையில் கண்ட கட்டி இந்த நோயின் கட்டிதான் என்று கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல என்னால் இயலாது. ஆனால் அதை வீட்டுக்குரியவர் ஒதுக்கியதற்கு அந்தக் கட்டிதான் காரணம்.

சாதாரண நாட்களில் மடுவத்தில் அறுபடும் மாட்டைப் பரிசோதிக்க ஒரு முறை இருக்கிறது. பெருநாள் காலத்தில் வளவுக்கு வளவு அறுக்கிறோம். ஒவ்வொரு ஈரலையும் யார் பார்ப்பது? அந்தப் பொறுப்பு நம் கையில்தான் இருக்கிறது.

இதை ஒழிக்க முடியாதென்று யாரும் சொல்ல வேண்டாம். ஒழித்துக் காட்டிய நாடுகள் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து இந்த நோயால் உலகிலேயே மிக மோசமாகப் பீடிக்கப்பட்ட நாடுகளில் ஒன்று. ஆடும் நாயுமாக வாழ்ந்த ஏழை மக்கள். 1863இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹரால்ட் கிராப் என்ற ஆய்வாளர் அங்கு சென்று நாய்களைச் சோதித்தார். நோயின் காரணத்தையும் தடுக்கும் வழியையும் எளிய நடையில் ஒரு சிறு நூலாக எழுதினார். அது மக்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. எழுத்தறிந்த மக்கள், குளிர்கால இரவுகளில் அதை வாசித்தார்கள். கட்டியுள்ள உறுப்புகளை எரிக்கவும் புதைக்கவும் தொடங்கினார்கள். சட்டங்களும் ஒழுங்கான மடுவங்களும் பின்னர் வந்தன. அங்கிருந்து அந்த நோய் மறைந்தே போனது. எழுத்தை நம்பிப் பிழைத்த எனக்கு, ஒரு சிறு நூல் ஒரு நோயை விரட்டத் தொடங்கியது என்பதைப்போல ஆறுதல் தரும் செய்தி வேறில்லை.

நியூஸிலாந்து 1959இல் இதற்கென்றே சட்டம் இயற்றியது. நாய்களுக்குப் பச்சை உள்ளுறுப்புகளைப் போடுவது தடுக்கப்பட்டது. நாய்களுக்குப் புழு மருந்து கொடுக்கப்பட்டது. 2002இல் நோயற்ற நாடென்று தற்காலிகமாக அறிவிக்கும் நிலைக்கு வந்தது. இரு நாடுகளிலும் செய்த காரியத்தின் சாரம் ஒன்றுதான்: நாயின் வாய்க்குப் பச்சை ஈரல் போகாமல் தடுத்தார்கள்.

நாம் என்ன செய்யலாம்? முதலாவது, பெருநாள் நாட்களில் ஒவ்வொரு மஹல்லாவிலும் பள்ளிவாசல் நிர்வாகம் ஆழமான குழியொன்றை முன்கூட்டியே வெட்டிவைத்து, கழிவுகளை அதில் இட்டு, நாய் தோண்டாதபடி மூட வேண்டும். தோல் சேகரிக்க ஆள் அனுப்புகிற நிர்வாகங்களுக்கு இது பெரிய வேலையன்று. இரண்டாவது, இறைச்சிக் கடைக்காரர்கள் கடை வாசலில் நாய்க்குத் துண்டெறியும் வழக்கத்தை விட வேண்டும். மூன்றாவது, நாய்க்கு இரங்கிக் கொடுக்க விரும்புவோர் அவித்துக் கொடுக்கட்டும். உள்ளுறுப்புகளைச் சிறிதாக நறுக்கி அரை மணிநேரம் நன்றாகக் கொதிக்கவைத்தால் போதும். எலும்பை மட்டும் நீக்கிவிட வேண்டும். வெந்த எலும்பு பிளந்து நாயின் குடலைக் குத்தும். நான்காவது, வீட்டில் நாய் வளர்ப்போர் மிருக வைத்தியரிடம் கேட்டு, ஒழுங்காகப் பிரசிகுவாண்டல் என்ற புழு மருந்தைக் கொடுக்க வேண்டும். சாதாரணப் பூச்சி மருந்துகள் எல்லாம் இந்தப் புழுவைக் கொல்வதில்லை.

கடற்கரையில் கரைவலைக்காரர்கள் எறியும் மீனை நாய் தின்பதைப்பற்றி நான் பேசவில்லை. மீனில் இந்தப் புழு இல்லை.

இதை வாசித்துவிட்டு, நாய்களைக் கொன்றுவிட்டால் எல்லாம் சரிதானே என்று நினைப்போரும் இருப்பர். சோற்றில் நஞ்சு வைத்த இரவுகளை நமது ஊரும் கண்டிருக்கிறது. கட்டாக்காலி நாய்களைக் கொல்வதைக் கைவிட்டு, தடுப்பூசி ஏற்றிக் கருத்தடை செய்யும் வழியை 2006 முதல் நமது நாடு ஏற்றிருக்கிறது. 1973இல் இலங்கையில் 377 பேரைக் கொன்ற விசர்நாய்க்கடி நோய் இன்று வெகுவாகக் குறைந்திருப்பதற்கு நாய்களுக்கு ஏற்றிய தடுப்பூசி பெரும் காரணம். கொன்ற இடத்தில், கழிவைத் தேடி வேறு நாய்கள் வந்து சேரும். தாகத்தால் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருடைய பாவம் மன்னிக்கப்பட்ட செய்தியை நாம் ஹதீஸிலே படித்தவர்கள். குகைத் தோழர்களோடு அவர்களுடைய நாயையும் குர்ஆன் நினைவுகூர்கிறது. இரக்கம் நமது மார்க்கத்திலேயே இருக்கிறது. அந்த இரக்கத்தை அடுப்பில் ஏற்றி அவித்துக் கொடுங்கள் என்பதே எனது வேண்டுகோள்.

நண்பரின் மகனிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டான். "மெல்போர்னில நான் வாங்குறது சுத்தமான இறைச்சி மாமா" என்றான். "இருக்கலாம் மகன். ஆனா இங்க வந்து உம்மட அம்மாவுக்கு அந்தப் புத்திய சொல்லாதீங்க. சந்தையில ஈரல் மலிவா இருக்கெண்டு அவவும் பச்சையா வாங்கிப் போட்டுருவா" என்றேன். தந்தையும் தாயும் சிரித்தார்கள். முற்றத்து நாய் மீன் குழம்புச் சோற்றை வழித்து நக்கிவிட்டு, தென்னை நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது.

அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பே எனது மஹல்லாப் பள்ளிவாசலில் அந்தக் குழியைப்பற்றிப் பேசுவதாக இருக்கிறேன், இன்ஷா அல்லாஹ். கடல் கடந்து வாழும் நமது ஊர்ப் பிள்ளைகள் தங்கள் பெயரில் குர்பான் கொடுக்கும்படி இங்கே பணம் அனுப்புகிறார்கள். அனுப்பும்போது, கழிவை எங்கே புதைப்பீர்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேளுங்கள்.