இரட்டை வேடம்!

சென்னை ரிச்சி தெருவிலே ஒரு காட்சி.

அம்பத்தூர்ப் பட்டறையிலே நாளெல்லாம் நின்று உழைத்த கால்கள், கடையின் கண்ணாடிக் கதவுக்கு முன்னே தயங்கி நிற்கின்றன. பக்கத்திலே மகள். பி.காம். முதலாண்டு. அந்தக் குடும்பத்திலே கல்லூரி வாயிற்படியை மிதித்த முதல் பெண். தந்தையின் சட்டைப் பையிலே 25,000 ரூபாய். பாதி, சீட்டு எடுத்த பணம். மீதி, ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம்.

கடைக்காரர் ஒரு கருவியை எடுக்கிறார். விசைப்பலகையை வெடுக்கென்று கழற்றுகிறார், டேப்லட் ஆகிறது! மீண்டும் பொருத்துகிறார், மடிக்கணினி ஆகிறது! “டூ-இன்-ஒன் சார்! ஒரே விலையிலே இரண்டு பொருள்!” என்கிறார். “வட்டியே இல்லாத தவணையும் உண்டு” என்கிறார். மகளின் கண்கள் மலர்கின்றன. தந்தையின் கை பையைத் தொடுகிறது.

சற்றுப் பொறுங்கள், தோழரே! பணத்தை எடுப்பதற்கு முன் நாம் சொல்வதையும் கேளுங்கள்.

வாங்காதீர் என்று சொல்ல வரவில்லை நாம். பட்டறைத் தொழிலாளி மகளுக்குக் கணினி எதற்கு என்று கேட்கும் பரம்பரையல்ல நாம். படிப்பு உனக்கு எதற்கு என்று நம் பாட்டனைக் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பிறந்த இயக்கம் இது. 2000ஆம் ஆண்டிலே தரமணியிலே டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதைப் போன்ற கட்டடத்துக்குள்ளே உங்கள் மகள் அடையாள அட்டையோடு நுழைய வேண்டும் என்பதே நமது ஆசை. ஆகவே வாங்குங்கள். ஆனால் ஏமாறாமல் வாங்குங்கள்!

செல்வந்தர் வீட்டுப் பிள்ளை வாங்கியது சரியில்லை என்றால், அடுத்த மாதம் வேறொன்று வரும். நமது வீட்டிலே அப்படியல்ல. வாங்குவது ஒன்று. அந்த ஒன்று பட்டப்படிப்பு முடியும்வரை உழைக்க வேண்டும். இடையிலே அது படுத்துவிட்டால், படிப்பும் அதோடு தடுமாறும்.

இந்த இரட்டைக் கருவியின் இரகசியம் என்ன? இதிலே இரு வகை உண்டு. ஒன்று, கீல் முழுக்கத் திரும்பித் திரை பின்னால் மடங்குவது. மற்றொன்று, விசைப்பலகை தனியே கழன்று வருவது. இரண்டுக்கும் தொடுதிரை வேண்டும். தனிக் கீலோ காந்தப் பிடிப்போ வேண்டும். பேனாவால் எழுத வேண்டுமென்றால் அதற்கான தனித் திரை வேண்டும். இவையெல்லாம் இலவசமாக வருமா? வராது! விலை அதே 25,000 என்றால், வெளியே சேர்த்த செலவை உள்ளே வெட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். எதை வெட்டுவார்கள்? வேலை செய்யும் நினைவகத்தை வெட்டுவார்கள்; சேமிப்பை வெட்டுவார்கள்; செயலியின் வலிமையை வெட்டுவார்கள். மேடையிலே ஒரே நடிகர் இரட்டை வேடம் போடலாம், கைதட்டலாம். ஆனால் இரண்டு வேடத்துக்கும் உடை வாங்கிய செலவிலே நடிகரின் சோற்றைக் குறைத்துவிட்டால், மூன்றாம் காட்சியிலேயே அவர் மயங்கி விழுவார்!

வரலாறும் இதற்குச் சான்று கூறுகிறது. 2012ஆம் ஆண்டு அக்டோபரிலே மைக்ரோசாப்ட் நிறுவனம் ‘சர்ஃபேஸ் ஆர்.டி.’ என்றொரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவிலே விலை 499 டாலர். விசைப்பலகை உறை வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை. பெயர் விண்டோஸ்; ஆனால் விண்டோஸில் வழக்கமாக நிறுவும் மென்பொருள்களை அதிலே நிறுவ முடியாது. மக்கள் வாங்கவில்லை. 2013 ஜூலையிலே அந்த நிறுவனம் 90 கோடி டாலரை நட்டக் கணக்கிலே எழுதியது. மலையளவு செல்வம் உள்ள நிறுவனம். 90 கோடியை எழுதிவிட்டு நிமிர்ந்து நின்றது. தோழரே, நீங்கள் 25,000ஐ எந்தக் கணக்கிலே எழுதுவீர்கள்?

ஆகவே கடைக்குப் போகுமுன் கல்லூரிக்குப் போங்கள். அங்கே இரண்டு கேள்வி கேளுங்கள்.

முதற் கேள்வி: அரசு வழங்கும் கருவிக்கான பட்டியலிலே என் பிள்ளையின் பெயர் உண்டா? தமிழ்நாட்டிலே மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி 2011இலே தொடங்கியது. கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளிலே மடிக்கணினி அல்லது டேப்லட் என்று 2025 மார்ச் மாதத்து நிதிநிலை அறிக்கை அறிவித்தது. எவர் தொடங்கிய திட்டமானாலும் பயன் ஏழைப் பிள்ளைக்கு என்றால் கேட்டுப் பெறுவது உரிமை. தானாக வரவேண்டியதைத் தவணையிலே வாங்காதீர்.

இரண்டாம் கேள்வி: இந்தப் படிப்பிலே எந்த மென்பொருளைக் கற்பிப்பீர்கள்? பி.காம். மாணவிக்கு ‘டேலி’ வேண்டும். அது விண்டோஸிலே நிறுவும் மென்பொருள். ஆண்ட்ராய்டு டேப்லட்டோடு ஒரு விசைப்பலகையைச் சேர்த்து ‘இதுவும் மடிக்கணினியே’ என்று ஒருவர் நீட்டினால், அதிலே அதை நிறுவ முடியாது. குரோம்புக்கும் அப்படியே. குறிப்பெடுக்க, பாடம் பார்க்க, பாடநூல் படிக்க மட்டும் என்றால் அவை போதும், விலையும் குறையும். வேலை எதுவோ அதற்கேற்ற கருவி! நிலத்தைப் பார்த்துத்தானே கலப்பையைத் தேர்ந்தோம்?

இனிக் கடைக்குள் நுழையுங்கள். பளபளப்பைப் பார்க்காதீர், அட்டைப் பெட்டியின் பக்கவாட்டிலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

நினைவகம், அதாவது ரேம், 8 ஜி.பி. வேண்டும். விண்டோஸ் 11 நிறுவ 4 ஜி.பி. போதும் என்பது நிறுவனம் வகுத்த குறைந்த அளவு. அது உயிரோடிருக்கப் போதுமான கஞ்சி. ஓடியாடி உழைக்கப் போதாது. மெல்லிய கருவிகள் பலவற்றிலே இந்த நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்து விடுகிறார்கள். பின்னால் கூட்ட முடியாது. ‘பிறகு போட்டுக்கொள்ளலாம்’ என்று கடைக்காரர் சொன்னால், இடம் எங்கே என்று கேளுங்கள். 2025இன் பிற்பகுதியிலிருந்து இந்தச் சில்லுகளின் விலை கிடுகிடுவென ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகப் பெரு நிறுவனங்கள் எழுப்பும் தரவு மையங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டதே காரணம். சீமான்களின் பந்திக்கு ஊர்ச் சந்தையின் அரிசியெல்லாம் போய்விட்டால், உழைப்பாளியின் உலையிலே அளவு குறைகிறது! எனவே மலிவுக் கருவியிலே இந்த அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சேமிப்பு எஸ்.எஸ்.டி. ஆக இருக்கட்டும், 256 ஜி.பி. இருந்தால் நலம். மலிவு இரட்டைக் கருவிகளிலே ‘இ.எம்.எம்.சி.’ என்று 64 ஜி.பி. வைத்திருப்பார்கள். அது வேகம் குறைந்தது. பெரும்பாலும் மாற்ற முடியாதது. விண்டோஸும் அதன் புதுப்பிப்புகளும் குடியேறிய பிறகு பிள்ளையின் பாடத்துக்கு எஞ்சுவது திண்ணை மட்டுமே.

விசைப்பலகை பெட்டிக்குள் இருக்கிறதா, தனி விலையா? பேனா உண்டா? பேனாக்களிலே சாதிகள் பல. ஒரு திரைக்கு ஏற்றது இன்னொரு திரையிலே பெரும்பாலும் எழுதாது. எல்லாவற்றையும் கூட்டி வரும் தொகையே உண்மை விலை. ‘எஸ் மோட்’ என்று எழுதியிருந்தால், நிறுவனத்தின் கடையிலே கிடைக்கும் செயலிகள் மட்டுமே ஓடும் என்று பொருள். அதிலிருந்து வெளியேறக் கட்டணம் கிடையாது. யாரும் பணம் கேட்டால் கொடாதீர். தமிழ் எழுதவும் தனிப் பணம் வேண்டாம். 1999இலே சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, விண்டோஸ் 11க்குள்ளேயே இருக்கிறது.

இவ்வளவும் கேட்ட பின், 25,000 ரூபாய்க்குள்ளே புதிய இரட்டைக் கருவி தேறுமா? தேறுவது அரிது என்பதே நமது எண்ணம். அப்படியானால் வழி? இரண்டு வழி உண்டு.

ஒன்று, பெரிய அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த கருவிகள். லெனோவா திங்க்பேட் எல்390 யோகா, எச்.பி. எலீட்புக் எக்ஸ்360 போன்றவை அலுவலக உழைப்புக்காகக் கட்டப்பட்ட மடங்கு கருவிகள். புதுப் பகட்டைவிடப் பழைய எஃகு மேல்! ஆனால் எச்சரிக்கை வேண்டும். 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. இன்டெல் செயலி என்றால், பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதுமே விண்டோஸ் 11க்கு முறைப்படி ஏற்றவை. ஆறாம், ஏழாம் தலைமுறைகளை மலிவு என்று உங்கள் தலையிலே கட்டுவார்கள், மறுத்துவிடுங்கள். பேட்டரி அறிக்கையை விண்டோஸிலேயே எடுக்கலாம். பிறந்தபோது இருந்த கொள்ளளவு எவ்வளவு, இன்று எவ்வளவு என்று அது காட்டிவிடும். திரையின் நான்கு மூலையையும் விரலால் தொட்டுப் பாருங்கள். கீலைப் பத்து முறை மடக்குங்கள். வரிச் சீட்டும் எழுத்திலே உத்தரவாதமும் இல்லையேல் வெளியே வந்துவிடுங்கள். வாய்ச்சொல் உத்தரவாதம் தெருமுனை தாண்டாது!

மற்றொன்று, சாதாரண மடிக்கணினி. திரை மடங்காது, கழலாது. ஆனால் அதே பணத்துக்கு உள்ளே உரம் கூடும். படுத்துக்கொண்டு பாடம் பார்க்கக் கைப்பேசி இருக்கிறதே! படம் வரையும் படிப்பு, கையால் கணக்கெழுதும் படிப்பு என்றால் பேனாத் திரை தேவை, மறுக்கவில்லை. அந்தத் தேவை இல்லாதவர் மடங்கும் திரைக்கு ஏன் மடங்க வேண்டும்?

அடுத்து, அந்த ‘வட்டியில்லாத் தவணை’. வட்டியை வேண்டாமென்று விட்டுவிட எந்த நிதி நிறுவனமும் அறச்சாலை நடத்தவில்லை. 2013 செப்டம்பரிலே ரிசர்வ் வங்கியே, பூஜ்ய வட்டி என்பது இல்லாத ஒன்று என வங்கிகளுக்கு எடுத்துரைத்தது. கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு?” தவணையிலே 24,000, ரொக்கத்திலே 22,500 என்றால், ஒளிந்திருந்த வட்டி 1,500 ரூபாய் வெளியே வந்துவிட்டது! அதற்கு மேல் செயலாக்கக் கட்டணம் உண்டா, வட்டிக்கு வரி உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைக்காரரை மட்டும் கேட்டால் போதுமா? டில்லியையும் கேட்க வேண்டும்! 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுப் புத்தகத்துக்கும் பென்சிலுக்கும் அழிப்பானுக்கும் ஜி.எஸ்.டி. இல்லை என்றார்கள். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அந்த நோட்டின் இடத்துக்கு, பென்சிலின் இடத்துக்கு வந்துவிட்ட கணினிக்கு? 18 விழுக்காடு! தங்க நகைக்கு 3. பட்டை தீட்டிய வைரத்துக்கு ஒன்றரை. ஏழை மாணவியின் எழுத்துப் பலகைக்கு 18! வரியோடு 25,000 ரூபாய்க்கு விற்கும் புதிய கருவியிலே 3,813 ரூபாய் வரிக்குப் போகிறது. ஓவர்டைம் பார்த்த இரவுகள் எத்தனை அதிலே கரைகின்றன! வைரம் மின்னுவதற்குச் சலுகை. அறிவு மின்னுவதற்கு அபராதமா? மாணவர் அடையாள அட்டையைக் காட்டி வாங்கும் முதல் கணினிக்கு வரியை நீக்குக என்று நாம் கேட்கிறோம். நாடாளுமன்றத்திலே நமது உறுப்பினர்கள் கேட்க வேண்டும், ஜி.எஸ்.டி. மன்றத்திலே தமிழ்நாடு கேட்க வேண்டும்.

கோரிக்கை வெல்லும்வரை கைகட்டி நிற்கலாமா? கூடாது! கழகத் தோழர்களே, நமது இயக்கம் படிப்பகங்களிலே வளர்ந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஏட்டை உரக்கப் படிப்பார். தெரியாத பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். அந்தப் பழக்கத்துக்கு இன்று புதிய வேலை வந்திருக்கிறது. கிளைக்கு ஒருவர், கணினி அறிந்த இளைஞர், முன்வாருங்கள். பணத்தோடு கடைக்குப் போகும் தொழிலாளித் தோழரோடு துணைக்குப் போங்கள். பெட்டியைப் படியுங்கள், பேட்டரியைப் பாருங்கள், சீட்டைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். அரை நாள் வேலை அது. ஆனால் ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சேமிப்பைக் காப்பாற்றும் வேலை!

ரிச்சி தெருக் கடை வாயிலிலே அந்தத் தந்தை இன்னும் நிற்கிறார். கை இன்னும் சட்டைப் பையின் மேலேயே இருக்கிறது. அவருக்குத் துணையாக யார் போகிறீர்கள்?