புரட்டாசி விருந்தாளிக்குக் கண்ணி வைக்கலாமா?



புரட்டாசி பொறந்தாச்சு. ஹாஸ்டல் மெஸ்ஸில் சிக்கன் கிரேவியைச் சீந்த ஆள் இல்லாத மாசம். 'இந்த மாசம் சுத்த சைவம் மச்சி' என்று பாதிப் பேர் நெற்றியில் நாமத்தோடு கிளாஸுக்கு வருவார்கள். இதே மாசத்தில்தான் நம்ம புதுச்சேரி ஏரிகளுக்கு வெளிநாட்டு விருந்தாளிகள் வந்து இறங்க ஆரம்பிக்கிறார்கள். விசா கிடையாது, லக்கேஜ் கிடையாது. ஆள் வெயிட்டே சுமார் 350 கிராம்தான். பேர், நீலச்சிறகு வாத்து.

கோடையில் ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரைக்கும் உள்ள சதுப்பு நிலங்களில் குஞ்சு பொரிக்கும். அங்கே பனி எட்டிப் பார்க்கும் முன்பே கிளம்பிவிடும். இந்தியாவுக்கு வருகிற வாத்துகளில் முதல் பஸ் பிடிக்கிறது இதுதான். ஆகஸ்ட், செப்டம்பரிலேயே நாட்டுக்குள் நுழைந்துவிடும். பின்னாலேயே ஊசிவால் வாத்து, தட்டைவாயன் எல்லாம் வரும். நம்ம ஊர் லோக்கல் பார்ட்டிகளான புள்ளிமூக்கு வாத்தும் நாமக்கோழியும் இவர்களோடு சேர்ந்துகொண்டால், தை மாசம் ஏரியில் தண்ணீர் பாதி, பறவை பாதி!

புதுச்சேரியில் இவர்களுக்கு இரண்டு பெரிய லாட்ஜ். ஒன்று, வில்லியனூர் கொம்யூன் ஊசுட்டேரி. சுமார் 800 ஹெக்டேர். பாதி புதுச்சேரியில், பாதி தமிழ்நாட்டில். இன்னொன்று பாகூர் ஏரி. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிற தண்ணீர், புதுச்சேரியின் நெற்களஞ்சியத்துக்கே சோறு போடுகிறது. ஒரு கொசுறு தகவல்: ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்திலேயே பாகூரில் ஒரு கல்லூரி இருந்தது. அதற்கு மூன்று கிராமத்தை மானியமாகக் கொடுத்த செப்பேடு கிடைத்திருக்கிறது. ஆக, ஸ்டூடன்ட்ஸுக்கும் பாகூருக்கும் பழைய சொந்தம்!

சரி, மேட்டருக்கு வருவோம். வாத்து வருகிறது என்றால் வாத்துக்காகக் காத்திருக்கிற ஆளும் வருகிறார் என்று அர்த்தம்.

வேட்டைக்காரரின் டைம்டேபிள்

பாகூர் ஏரிக்கரையில் ஒரு தாத்தாவைப் பார்த்தேன். வாலிபத்தில் துப்பாக்கி பிடித்த கை. 'தாத்தா, வாத்து எப்ப வரும்?' என்றால் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, மேற்கே வானத்தைப் பார்த்தார்.

'பகல் பூரா ஏரி நடுவுல தூங்கும் தம்பி. இருட்டுற நேரத்துல கூட்டமா எழும்பி வயலுக்குப் போவும். ராத்திரி பூரா சேத்துல நெல்லு பொறுக்கும். விடியறதுக்குள்ள திரும்பிடும். போற வழி ஒண்ணுதான், மாத்தவே மாத்தாது. அந்த வழியில நின்னா போதும்.'

இந்த நாலு வரிதான் உலகம் பூரா வாத்து வேட்டையின் சிலபஸ். துப்பாக்கிக்காரர் அந்த வழியில் நிற்பார். கண்ணி வைக்கிறவர் வாத்து இறங்குகிற வயலைத் தேடுவார். வலைக்காரர் வரப்புக்கு நடுவே வலை கட்டுவார். நெல்லில் விஷம் கலந்து தூவுகிற கொடுமையும் உண்டு. அதில் வாத்து மட்டுமா சாகிறது? அதைத் தின்கிற நாய், பருந்து, வாங்கிச் சாப்பிடுகிற மனுஷன் என்று வரிசையாக ஆபத்து.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தாத்தா சொன்னது வேட்டை வித்தை மட்டுமில்லை. பறவை எண்ணப் போகிற விஞ்ஞானிக்கும் அதே பாடம்தான். விடிந்ததும் ஏரியில் எண்ணு, இருட்டியதும் வயலைப் பார். வாத்து எங்கே போகிறது என்பதை உலகத்துக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர்களில் வேட்டைக்காரர்களும் உண்டு!

காலில் வளையம், முதுகில் ஜி.பி.எஸ்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் என்று ஒன்று இருக்கிறது. பறவை மனிதர் சாலிம் அலி உழைத்த இடம். வலசைப் பறவைகளைப் பிடித்து, காலில் நம்பர் போட்ட சின்ன உலோக வளையம் மாட்டிப் பறக்கவிடுவார்கள். 'கழகத்துக்குத் தகவல் கொடு' என்று அதில் பொறித்திருக்கும். நம்ம கோடியக்கரை இந்த வேலைக்குப் பேர்போன இடம்.

மாட்டியாச்சு. வாத்து பறந்தும் போயாச்சு. தகவல் யார் கொடுப்பது? சைபீரியாவில் வாத்து சுட்ட ஆள்தான்! இந்தியாவில் வளையம் மாட்டிய வாத்துகள் பல அன்றைய சோவியத் நாட்டில் வேட்டைக்காரர்கள் கையில் சிக்கின. அவர்கள் வளையத்தின் நம்பரை எழுதி அனுப்பினார்கள். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, நடுவே ஒரு கோடு. வலசைப் பாதையின் முதல் மேப் இப்படித்தான் உருவானது. ஒரு வாத்தின் உயிர் போனால்தான் ஒரு புள்ளி கிடைக்கும் என்பது என்ன சோகம் பாருங்கள்.

இப்போது காலம் மாறிவிட்டது. இ.சி.இ. மக்களே, இது உங்க ஏரியா! முதுகில் குட்டி டிரான்ஸ்மிட்டர். அது ஒரே அலைவரிசையில் சிக்னல் அனுப்பும். செயற்கைக்கோள் கிட்டே வரும்போது அலைவரிசை ஏறியும், விலகும்போது இறங்கியும் தெரியும். ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸில் தூங்கிக்கொண்டே கேட்டோமே, டாப்ளர் விளைவு, அதேதான். அந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே பறவை இருக்கிற இடத்தைக் கணக்குப் போடுகிறது 'ஆர்கோஸ்' என்கிற சாட்டிலைட் சிஸ்டம். சோலார் பேனலோடு ஜி.பி.எஸ். கருவிகளும் வந்துவிட்டன.

ஒரே சிக்கல், வெயிட். கருவியின் எடை பறவையின் எடையில் சுமார் 3 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்பது பரவலான விதி. 350 கிராம் நீலச்சிறகு வாத்துக்குக் கணக்குப் போடுங்கள். பத்தரை கிராம்! அதற்குள் பேட்டரி, ஆன்டெனா, பேனல் எல்லாம் அடங்க வேண்டும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடுகிறவர்கள் நோட் பண்ணிக்கொள்ளவும்.

இப்படிக் கருவி மாட்டியதில்தான் வரித்தலை வாத்தின் வண்டவாளம் வெளியே வந்தது. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிற வாத்து இது. சில பறவைகள் 7,000 மீட்டர் உயரத்தையும் தாண்டிப் பறந்தது பதிவாகியிருக்கிறது. நம்ம நெல்லைச் சீமை கூந்தன்குளம் வரைக்கும் வருகிற ஆள்!

அங்கே சுடுகிறார்களே?

'அமெரிக்காவுல லைசென்ஸ் வாங்கிட்டு ஜாலியா வாத்து சுடறாங்களே, இங்க மட்டும் ஏன் தடை?' என்று ஒரு ஃப்ரெண்ட் கேட்டான். நியாயமான டவுட்தான்.

அங்கே செப்டம்பரிலேயே பல மாநிலங்களில் ஒரு குட்டி சீஸன் உண்டு. குறி, நம்ம நீலச்சிறகு வாத்தின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு வாத்து. அதுவும் நீலச்சிறகு, அதுவும் முதல் பஸ் பார்ட்டி. ஆனால் சுடும் முன்பு எண்ணுகிறார்கள். அமெரிக்காவும் கனடாவும் 1955 முதல் வசந்த காலத்தில் விமானத்தில் பறந்து வாத்துகளைக் கணக்கெடுக்கின்றன. அதைப் பார்த்துத்தான் ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை சுடலாம் என்று முடிவு செய்கிறார்கள். வேட்டைக்காரர் 'வாத்து ஸ்டாம்ப்' வாங்கியே ஆக வேண்டும். 1934-ல் ஆரம்பித்தது. அந்தப் பணம் சதுப்பு நிலம் வாங்கிப் பாதுகாக்கப் போகிறது. ஈய ரவை ஏரியில் விழுந்து, அதைக் கல் என்று நினைத்து விழுங்கும் வாத்துகள் விஷம் ஏறிச் சாகின்றன என்பதால், 1991-ல் வாத்து வேட்டைக்கு ஈய ரவையையே தடை செய்துவிட்டார்கள்.

நம்ம கதை வேற. ராஜஸ்தான் பரத்பூரில் 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ வந்த வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் விழுந்தன. அதைக் கல்வெட்டில் பெருமையாகச் செதுக்கியும் வைத்தார்கள். அந்த இடம் இன்று உலகப் பாரம்பரியச் சின்னமான கேவலாதேவ் தேசியப் பூங்கா! வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. அப்புறமும் சில பறவைகளை லைசென்ஸோடு சுட வழி இருந்தது. 1991 திருத்தம் அந்தக் கதவையும் சாத்தியது. ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008-ல் சரணாலயம் ஆனது. பிறகு தமிழ்நாடும் தன் பக்கத்தைச் சரணாலயமாக்கியது. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் ஜெயில்.

யார் தட்டில்?

சட்டம் இருந்தும் ஏன் ராத்திரியில் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது? உடனே எல்லோரும் நரிக்குறவர்களைக் கை காட்டுவார்கள். அது ரொம்ப ஈஸி. வேட்டையே பிழைப்பாக இருந்தவர்களுக்குச் சட்டம் 'விடு' என்று சொன்னது. பாசிமணி கோத்து விற்கிறார்கள். பதிலுக்கு என்ன தொழில் என்று நாம் கேட்டோமா? வலை வைக்கிறவர்களில் எல்லா ஊர்க்காரரும் உண்டு. சும்மா ஜாலிக்கு வருகிற கார் பார்ட்டியும் உண்டு.

என் கேள்வி வேற. ஐப்பசி பிறக்கட்டும், விரதம் முடியட்டும். வீக் எண்டில் நாலு பைக்கில் எட்டுப் பேர் கிளம்புவோம். 'காட்டு வாத்து கிடைக்கும், கொக்கு கிடைக்கும், மடையான் ஃப்ரை செமையா இருக்கும்' என்று ஒருத்தன் கடைக்குக் கூட்டிப் போவான். ஃபோட்டோ எடுப்போம். அந்தத் தட்டுக்கு நாம் கொடுக்கிற காசுதான் அடுத்த ராத்திரிக்குப் பால்ரஸ் குண்டு வாங்குகிறது. சட்டப்படி வேட்டையாடியவர் மட்டுமில்லை, அந்தக் கறியை வாங்குவதும் வைத்திருப்பதும்கூடக் குற்றம். வளர்ப்பு வாத்து சாப்பிடுங்கள், பண்ணைக் காடை சாப்பிடுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. 'இது காட்டுல பிடிச்சதுங்க, தனி டேஸ்ட்டு' என்று சொன்னால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

பறவையைக் காப்பாற்றுவது வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்த ஃபேஷன் என்று நினைக்காதீர்கள். வேடந்தாங்கலில் சிப்பாய்கள் பறவையைச் சுட்டபோது தட்டிக் கேட்டது ஊர் விவசாயிகள்தான். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் ஊருக்குப் பாதுகாப்பு உரிமை எழுதிக் கொடுத்தார் என்பது அந்த ஏரியின் வரலாறு. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவை பயப்படும் என்று தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பசங்களுக்கு மட்டும் வெடி ஆசை இருக்காதா என்ன?

நாம என்ன பண்ணலாம்?

வாத்து வருகிற இந்த மத்திய ஆசிய வலசைப் பாதை 30 நாடுகளைத் தொடுகிறது. குறைந்தது 182 வகை நீர்ப்பறவைகள் இதை நம்பியிருக்கின்றன. பாதையில் சில நாடுகளில் இன்றும் சீஸன் வைத்துச் சுடுகிறார்கள். எல்லாவற்றையும் தப்பித்து 350 கிராம் உடம்போடு வந்து சேருகிற நீலச்சிறகு வாத்துக்கு, கடைசி ஸ்டாப்பிங்கில் கண்ணி வைத்தால் எப்படி?

முன்னாடி வளையத்தின் நம்பர் சொல்ல வேட்டைக்காரர் இருந்தார். இனி அந்த வேலையை நாம்தான் பார்க்க வேண்டும். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 1987-லிருந்து நடக்கிறது. பொங்கல் லீவில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' உண்டு. 'இ-பேர்டு' ஆப்பை மொபைலில் இறக்கி, ஏரிக்கரையில் 15 நிமிஷம் நின்று பார்த்ததைப் பதிவு செய்தால் போதும். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் சீனியரிடம் ஓசி வாங்குங்கள். காலில் வளையமோ கழுத்தில் பட்டையோ மாட்டிய பறவையைப் பார்த்தால் நம்பரையும் நிறத்தையும் ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கள். உயிரோடு இருக்கிற வாத்திடமிருந்து ஒரு புள்ளி மேப்பில் ஏறும். வலையோ கண்ணியோ கண்ணில் பட்டால் நீங்களே ஹீரோயிஸம் காட்ட வேண்டாம், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இந்தப் பொங்கலுக்கு ஊசுட்டேரிக் கரையில் காலை ஆறு மணிக்கு நான் இருப்பேன். உங்க காலேஜிலிருந்து எத்தனை பேர் வருகிறீர்கள்? லிஸ்ட் எழுதி அனுப்புங்க மக்களே. டீ என் செலவு!