அள்ளியது எத்தனை வண்டி?

ஞாயிறு காலைகளில் இளைஞர் சிலர் ஏரியில் இறங்கி ஆகாயத்தாமரையை அள்ளுகின்றனர். கரையில் பச்சைக் குவியல் உயர்கிறது. படம் எடுக்கின்றனர். ‘இத்தனை வண்டி அகற்றினோம்’ என்று அறிவிக்கின்றனர். பெருங்களத்தூரில் வாழும் நாம், அண்டையிலுள்ள பீர்க்கன்காரணை ஏரி நீரே தெரியாமல் மூடிக்கிடந்த காட்சியைப் பலமுறை கண்டவர்கள். அவ்விளைஞர்களின் வியர்வையை மதிக்கிறோம். ஆனால் மதிப்பு வேறு, கணக்கு வேறு.

வண்டிக் கணக்கு என்ன கணக்கு? ஏற்ற சூழலில் இச்செடி இரண்டே வாரங்களில் இருமடங்காகும். இதன் விதை சேற்றில் 20 ஆண்டுகள் வரை உயிரோடு கிடக்கும். வீட்டுக் கழிவுநீரே இதற்கு எரு. அவ்வெருவை நாள்தோறும் ஊற்றிக்கொண்டு செடியை மட்டும் பிடுங்குவது அறுவடையேயன்றி ஒழிப்பாகாது!

கிணற்றில் எலி விழுந்து செத்தால் செய்யவேண்டியது என்னவென்று மதரஸாவின் இளம் மாணவனும் அறிவான். ஹனஃபி மத்ஹபின் சட்டப்படி, முதலில் எலியை வெளியேற்ற வேண்டும். வாளிக் கணக்கு அதற்குப் பிறகே தொடங்கும். எலியை உள்ளே விட்டுவிட்டு எத்தனை வாளி இறைத்தாலும் நீர் தூய்மையாகாது. ஏரியில் கலக்கும் சாக்கடையே அந்த எலி.

‘தொண்டு செய்வோரைக் குறை கூறலாமா? அவர்கள் நிய்யத்து நல்லதல்லவா?’ என்பர் சிலர். நிய்யத்துக்குரிய கூலியை அல்லாஹ் அளிப்பான். ஏரிக்குரிய கணக்கை நாம்தாம் கேட்க வேண்டும். தன்னைத்தானே கணக்குக் கேட்பதை அரபியில் ‘முஹாஸபா’ என்பர். நற்செயலுக்கு அதிலிருந்து விலக்கில்லை.

வங்காளத்தில் 1936இல் இச்செடிக்கெதிராகத் தனிச் சட்டமே இயற்றினர். 1937 தேர்தலில் இதன் ஒழிப்பு வாக்குறுதியாயிற்று. பதவியேற்ற பஸ்லுல் ஹக் அமைச்சரவை பெரும் இயக்கமே நடத்தியது. அப்படியிருந்தும் இன்றும் வங்காளத்து நீர்நிலைகளில் அது மிதக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியும் வேலையா இது?

அந்நியத் தாவரங்களை அகற்றவும் இயற்கையை மீட்கவும் தமிழக அரசு 2022இல் ஒரு கொள்கையே வெளியிட்டது. பெருங்களத்தூரையும் பீர்க்கன்காரணையையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி 2021இல் அமைந்தது. கொள்கையும் உண்டு, மாநகராட்சியும் உண்டு. இல்லாதது நம் கேள்வி மட்டுமே.

ஆகவே தொண்டர்களே, அள்ளிய வண்டிகளை எண்ணாதீர். அடைத்த சாக்கடை வாய்கள் எத்தனை என்று எண்ணுங்கள். ஓராண்டு கழித்து அதே கரையில் நின்று, தெளிந்த நீர் எவ்வளவு தெரிகிறதென்று பாருங்கள். அந்தப் படத்தை வெளியிடுங்கள்.

கரையில் நின்று பாராட்டும் நமக்கும் ஒரு கேள்வி உண்டு: நம் வீட்டுக் கழிவுநீர் எங்கே போய்ச் சேர்கிறது?