பத்து அரம் வேண்டாம், ஒன்று போதும்

ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்த சிறிய போர்வீரன் பொம்மைகளைக் கூர்ந்து நோக்குங்கள். அச்சின் இரு பாதிகளும் பொருந்திய இடத்தில் மெல்லிய கோடு ஒன்று புடைத்து நிற்கும். அதை அராவி எடுக்கவே ஊசி அரம்.

கடையில் பத்து அரங்கள் அடங்கிய மலிவான உறை ஒன்றைக் காட்டுவார்கள். வாங்காதீர்கள்! அந்தப் பணத்துக்கு நல்ல அரைவட்ட அரம் ஒன்றே வாங்குங்கள். அதன் தட்டைப் பக்கம் கேடயத்துக்கு, வளைந்த பக்கம் ஆடை மடிப்புக்கு, ஓரம் இடுக்குக்கு.

பல்லின் நெருக்கத்தையும் பாருங்கள். சுவிஸ் முறையில் 00 மிகவும் முரடு, 6 மிகவும் நயம். மென்மையான இந்த உலோகத்துக்கு 2ஆம் எண் ஏற்றது என்பது என் கருத்து. அதைவிட முரடானால் கீறல் விழுந்து வண்ணத்தின் மேலும் தெரியும். மிக நயமானால் துகள் பல்லிடுக்கில் அப்பிக்கொள்ளும், அரம் வழுக்கும். வைர அரத்துக்கும் இதே தொல்லைதான். அது கடினமான எஃகுக்கு உரியது. முன்கூட்டியே சாக்குக்கட்டியை அரத்தில் தேய்த்துவைத்தால் துகள் எளிதில் ஒட்டாது.

பற்கள் முன்நோக்கிச் சாய்ந்தவை. ஆகவே தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். பின்னிழுக்கையில் அழுத்தினால் முனை மழுங்கும்.

பொற்கொல்லரிடம் இரவல் கேட்காதீர்கள். அரத்தில் தங்கிய ஈயத்துகள் வெள்ளி நகையில் ஒட்டினால், சூடேற்றும்போது அந்த இடத்தை அரித்துக் குழியாக்கிவிடும். அத்துகள் உடலுக்கும் நஞ்சு. வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். சோப்பிட்டுக் கைகழுவிய பிறகே தின்பண்டத்தைத் தொடுங்கள்.