பலாலிக்கும் திருச்சிக்கும் எவ்வளவு தூரம்?

திருச்சி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 185 கி.மீ. சாலை வழியாகக் கோவைக்குப் போவதற்கே இதைவிட அதிக தூரம். ஆனால், நேரடி விமானம் இல்லாத காலத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் திருச்சிக்கு வர, முதலில் எதிர்த் திசையில் 350 கி.மீ.க்கு மேல் பயணம் செய்ய வேண்டியிருந்தது. இரவெல்லாம் பேருந்தில் உட்கார்ந்து, கொழும்பு விமான நிலையம் உள்ள கட்டுநாயக்க போய், அங்கிருந்து விமானம் ஏறி மீண்டும் வடக்கே வர வேண்டும். பாக் நீரிணைக்கு அப்பால் இருக்கும் ஊரை அடைய ஒரு பகலும் ஓர் இரவும் கரைந்தன.

இந்தச் சுற்றுவழிக்குக் கடல் காரணமல்ல. இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனம் 1947 டிசம்பரில் தன் முதல் விமானத்தை இயக்கியபோதே அது ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (பலாலி) வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது. பிற்பாடு போர் வந்தது, பலாலி படைத்தளமானது. 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னை விமானம் வந்தது. சில மாதங்களிலேயே கொரோனா அதை நிறுத்தியது. மீண்டும் வர 2022 டிசம்பர் ஆயிற்று. திருச்சி–பலாலி சேவை 2025 மார்ச் 30 அன்றுதான் தொடங்கியது.

மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் செல்லும் ஏடிஆர் வகைச் சிறு விமானத்துக்கு 185 கி.மீ. என்பது அரை மணிக்கும் குறைவான பறப்பு. அட்டவணையில் ஒரு மணி நேரம் என்று இருக்கக் காரணம், ஓடுபாதைக்கு நகர்வது, மேலேறுவது, சுற்றி வந்து இறங்குவது எல்லாம் அந்தக் கணக்கில் சேர்வதுதான். அதைக் குறைக்க வழியில்லை. மீதி நேரம் தரையில் போகிறது: இரண்டு மூன்று மணி நேரம் முன்பே போய்க் காத்திருப்பது, குடியகல்வு, சுங்கம், பலாலியிலிருந்து யாழ் நகருக்கு 16 கி.மீ. சிறிய நிலையங்களில் கூட்டம் குறைவு. மனம் வைத்தால் இந்த நேரத்தைப் பாதியாக்கலாம். விமானம் இறங்கும் நேரத்துக்கு யாழ் பேருந்து நிலையம் வரை ஒரு பேருந்து விட்டாலே பெரிய உதவி.

எனக்குள்ள பெரிய கவலை, சேவை நிலைக்குமா என்பதே. 2018 மார்ச்சில் தொடங்கிய சேலம்–சென்னை விமானம் 2021இல் நின்றது. 2023 அக்டோபர் வரை சேலத்துக்குப் பயணிகள் விமானம் இல்லை. உள்நாட்டிலேயே இந்த நிலை. கடல் கடந்த தடத்தில், சில மாதங்கள் இருக்கைகள் நிரம்பாவிட்டால் நிறுவனம் விலகிவிடும். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் இதற்கு மாற்று என்பார்கள். வரவேற்க வேண்டிய சேவைதான். ஆனால் 2023 அக்டோபரில் தொடங்கிய சில நாள்களிலேயே பருவமழையால் அது நின்றதைப் பார்த்தோம். மருத்துவமனைக்கு வருபவரும் சாவு வீட்டுக்குப் போகிறவரும் கடல் அடங்கும்வரை காத்திருக்க முடியாது.

சேவையை நிலைக்கச் செய்ய வழி உண்டு. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேவுக்கு 2.7 கி.மீ. தூரம், அட்டவணைப்படி இரண்டு நிமிடப் பறப்பு. 1967 முதல் அந்த விமானம் ஓடுகிறது. பொதுப்பணம் கொடுத்து அதைக் காக்கிறார்கள். ஆசிரியரும் நோயாளியும் மாணவரும் அதில் போய்வருகிறார்கள். சிறிய ஊர்களுக்கான விமானங்களின் நஷ்டத்தை ஈடுகட்ட இந்தியாவில் உடான் திட்டம் இருக்கிறது. திருச்சி–பலாலித் தடத்துக்கும் அதுபோன்ற ஆதரவைக் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு டெல்லியும் கொழும்பும் சேர்ந்து உறுதிசெய்ய வேண்டும். இந்தக் குறுந்தூரப் பயணியிடம் வசூலிக்கும் விமான நிலைய வரியையும் குறைக்க வேண்டும்.