கண்ணி பெரிசா இருந்தா மட்டும் போதுமா?

ஓசூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்னு சிரிக்காதீங்க. கோழிக்கறி சாப்பிடுற எல்லாருக்கும் சம்பந்தம் இருக்கு.

இறால் சின்னது. அதனால் இறாலுக்குப் போகும் விசைப்படகுகள் இழுக்கும் மடியில், கடைசியில் மீன் சேரும் வால்பையின் கண்ணியும் சின்னது. இறாலோடு விரல் நீளம்கூட இல்லாத மீன்குஞ்சு, நண்டு எல்லாம் வாரிக்கொண்டு வரும். ராமேஸ்வரம் பக்கம் இதைச் 'சங்காயம்' என்பார்கள். காயவைத்து அரைத்தால் மீன்தூள். கோழித் தீவனத்திலும், இறால் பண்ணைத் தீவனத்திலும் சேர்க்கிறார்கள். அத்திப்பள்ளி தாண்டினால் வரும் கர்நாடகாவிலும் மங்களூர், மல்பே கடற்கரையில் மீன்தூள் ஆலைகள் நிறைய. வளர்ந்திருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கும் மீன், குஞ்சிலேயே தூளாகிறது.

தமிழ்நாட்டில் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983லேயே வந்துவிட்டது. வால்பையின் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஆனால் அளவு மட்டும் பார்த்தால் போதாது என்பது என் கருத்து. வெங்காயம் வரும் வலைப்பையை இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்க, ஓட்டை மூடிக்கும்! சாய்சதுரக் கண்ணியும் அப்படித்தான். படகு இழுக்க இழுக்க, மீன் சேரச் சேர, இறுகிவிடும். அதையே சதுரமாக அமைத்தால் திறந்தே இருக்கும். குஞ்சு தப்பிக்கும்.

இறாலும் சேர்ந்து நழுவினால்? டீசல் விற்கிற விலையில் எந்த மீனவர் ஒத்துக்குவார்? நியாயமான கேள்வி. இதற்குக் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஒரு வழி கண்டது. மடிக்குள் ஒரு கம்பிச் சட்டம், பின்னால் இரண்டு பை. இறால் கம்பி இடுக்கில் நுழைந்து கீழ்ப்பைக்குப் போகும். மீன் மேல்பைக்குப் போகும். மேல்பையில் கண்ணி பெரிது, அதனால் குஞ்சு வெளியே போய்விடும், பெரிய மீன் தங்கும். படகில் உட்கார்ந்து தரம் பிரிக்கிற வேலையும் குறையும். 2005ல் உலக இயற்கை நிதியம் நடத்திய சர்வதேசப் போட்டியில் இது பரிசு வாங்கியது. பரிசு வாங்கி என்ன, படகுக்கு வரணுமே!

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் இனப்பெருக்கம் ஆகட்டும் என்றுதான். தடை முடிந்ததும் அந்தக் குஞ்சுகளையே அள்ளினால் 61 நாள் சும்மா இருந்தது எதுக்கு? அந்த நாட்களில்தான் படகும் வலையும் பழுது பார்ப்பார்கள். அப்பவே சதுரக் கண்ணி வால்பையையும் கம்பிச் சட்டத்தையும் அரசாங்கம் தன் செலவில் போட்டுத் தரட்டும். ஒரு மாதம் இறால் குறைந்தால் அந்த நஷ்டத்தில் பங்கும் ஏற்கட்டும். வெறும் அபராதம் மட்டும் போட்டால், அதிகாரிக்குக் காட்ட ஒரு வலை, கடலில் இழுக்க ஒரு வலை என்றுதான் ஆகும்.