கெடு எந்த நாளில் தொடங்குகிறது?

கடனுக்கு மூன்று ஆண்டு, நிலத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு என்று உரிமையியல் வழக்குகளுக்கான கெடுவைப் பலரும் அறிந்திருந்தாலும், அது எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்ற கேள்வியில்தான் பல வழக்குகள் தோற்கின்றன. 1964 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் அட்டவணை, கால அளவை ஒரு பத்தியிலும் தொடக்க நாளை அடுத்த பத்தியிலும் தருகிறது. கவனமாகப் படிக்க வேண்டியது இரண்டாவதையே.

‘கேட்கும்போது தருகிறேன்’ என்று எழுதிய புரோநோட்டில், பணத்தைக் கேட்ட நாளிலிருந்தே மூன்று ஆண்டு கணக்காகும் என்று எண்ணுவது இயல்புதான். சட்டமோ நோட்டு எழுதிய நாளையே தொடக்கமாகக் கொள்கிறது. கெடுவுக்குள் கடனாளி வட்டியிலோ அசலிலோ ஒரு பகுதியைச் செலுத்தி, நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்திட்டால், பணம் செலுத்திய நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். பணம் தராமல், கடன் நிலுவையில் இருப்பதை எழுத்தில் ஏற்றுக் கையெழுத்திடும் ‘ஒப்புகை’க்கும் அதே விளைவு உண்டு. கெடு தாண்டிய மறுநாள் இவற்றைச் செய்தால் அந்தப் பலன் இல்லை. ஆயினும், வழக்கிடும் வழி அடைபடுகிறதே தவிரக் கடன் அழிவதில்லை என்பதால், அதைத் தருவதாகக் கடனாளி புதிதாக எழுதிக் கையெழுத்திடும் வாக்குறுதியை ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவு ஏற்கிறது.

மேல்முறையீட்டுத் தாமதத்தைப் போதிய காரணம் இருந்தால் நீதிமன்றம் மன்னிக்கலாம். மூல வழக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. பிரதிவாதி வாய் திறக்காவிட்டாலும், கெடு கடந்த வழக்கை நீதிமன்றமே தள்ளுபடி செய்தாக வேண்டும்.

நிலத்தில் விளைவு இன்னும் கடுமையானது. உரிமையாளரின் உரிமையை மறுத்து, வெளிப்படையாகவும் இடைவிடாமலும் ஒருவர் அனுபவிப்பதை ‘எதிரிடை அனுபவம்’ என்பர்; அது தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டு கழிந்தால், காலவரையறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி உரிமையாளரின் உரிமையே அற்றுப்போகிறது. குத்தகையிலோ அனுமதியிலோ இருப்பவரின் அனுபவம் எத்தனை ஆண்டு நீண்டாலும் தானாக எதிரிடையாவதில்லை என்பதால், இங்கும் சண்டை அந்தத் தொடக்க நாளைப் பற்றியதே.

இவ்வளவு கறாரான சட்டம் அரசிடம் மட்டும் தாராளம் காட்டுகிறது. 1908ஆம் ஆண்டுச் சட்டம் அரசு தொடுக்கும் வழக்குக்கு 60 ஆண்டு தந்தது. 1963இல் அது 30 ஆனது. பொது நிலத்தை மீட்பதற்கு நீண்ட கெடு தேவை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. பதிவேடுகளும் சட்ட அலுவலர்களும் கைவசமுள்ள அரசு, சாதாரணப் பண பாக்கிக்கும் அதே முப்பது ஆண்டைப் பெறுவதற்கு அந்த வாதம் பொருந்தாது.